வெயிலை வாங்கிய சட்டைக் கம்பெனி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், கொட்டாவி வந்தால் விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு மகத்தான வரலாறு சொல்லப் போகிறேன். நிலத்தை வாங்கியவர்கள் உண்டு, மலையை வளைத்துப் போட்டவர்கள் உண்டு. ஆனால் சூரியனையே இருபத்தைந்து வருஷத்துக்கு எழுதி வாங்கிய பெருமை ஒரு சட்டைக் கம்பெனியைத்தான் சேரும்.

அந்தக் கம்பெனியில் மின்சார வேலை பார்த்தவரை எல்லோரும் ஃபியூஸ் அண்ணன் என்பார்கள். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை, இஸ்திரிப் பிரிவில். தகரக் கூரைக்கு அடியில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு நீராவி இஸ்திரிப் பெட்டிகள், இரண்டு மின்விசிறிகள். அதில் ஒன்று சுற்றாது. இன்னொன்று சுற்றுகிற மாதிரி பாவனை செய்யும். இன்னும் எட்டு மின்விசிறி வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்பு மனுக் கொடுத்திருந்தார்கள். மனு "பரிசீலனையில்" இருந்தது. போன மாதம் அண்ணி மயங்கி விழுந்தாள். பெட்டி பட்டு முழங்கையில் தோல் வழன்றுவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் "உடல் தகுதி போதாது" என்று எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் கனிவோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஃபியூஸ் அண்ணனுக்கு உலகத்தில் ஒரே கவலைதான். அவள் தலைக்கு மேல் எப்படியாவது கொஞ்சம் காற்று வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி சூரியனை வாங்கியது.

விற்றவர், நூறு மைலுக்கு அப்பால் ஒரு பொட்டல் வெளியில் சூரியத் தகடுகளை விரித்து வைத்துச் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கிறவர். மின்வாரியத்தை விட்டுவிட்டு நேரே அவரிடமே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். "பசுமைச் சட்டை" என்றால்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம். அடுத்த தெருக் காலுறைக் கம்பெனி தன் பகல் தேவையில் அறுபது சதவீதத்தை இப்படி வாங்கியிருந்தது. நம் முதலாளி மானஸ்தர். நூற்றிருபது சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

போட்ட கையோடு அண்ணனைக் கூப்பிட்டார். சூரியன் எந்தக் கம்பியில் வருகிறது, அதைத் தன் அறைக்கு மட்டும் தனியாக இழுக்க முடியுமா என்று விசாரித்தார். அண்ணன் பொறுமையாக விளக்கினார். விற்றவர் அங்கே பொதுக் கம்பியில் ஊற்றுவார், நாம் இங்கே அதே கம்பியில் மொண்டுகொள்வோம், கணக்கு மட்டும்தான் தனி என்றார். முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப நம்ம வெயிலைக் காலுறைக்காரன் மொண்டுக்கிட்டா?"

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் வேறொரு சங்கடம் வந்தது. நூற்றிருபது வாங்கினால் இருபது மிஞ்சத்தானே செய்யும்? மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வருகிறதை அப்போதே தீர்த்தாக வேண்டும். சேர்த்து வைக்க வழியில்லை. தீர்க்காவிட்டால் "வாங்கிய பசுமையை வீணாக்கியவர்" என்று பெயர் வரும். பசுமைக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் தருகிற, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த "கதிரவன் கேடயம்" போய்விடும். இதற்கென்றே வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த "பசுமை அதிகாரி" ஒரு சுற்றறிக்கை விட்டார்: மேற்படி நேரத்தில் விளக்கை அணைக்கும் ஊழியர் சுற்றுச்சூழலின் விரோதியாகக் கருதப்படுவார்.

உச்சி வெயிலில் வண்டி நிறுத்தும் இடத்தில் அறுபது விளக்கு எரிந்தது. எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் போட்டார்கள். கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் கழிப்பறை விளக்கை அணைத்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்படியும் மிச்சம் தீரவில்லை. கூட்டம் போட்டார்கள்.

ஃபியூஸ் அண்ணன் அன்றைக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். கிடைத்த சந்தர்ப்பம் இது ஒன்றுதான்.

"சார், இஸ்திரிப் பிரிவுல எட்டு ஃபேன் போட்டா கரண்ட்டும் செலவாகும், பொம்பளைங்களும் பொழைச்சுக்குவாங்க."

பசுமை அதிகாரி கணக்குப் போட்டார். பாவம், அவருக்கும் வருத்தம்தான்.

"எட்டு ஃபேன் ஒரு மணி நேரம் சுத்தினாலும் ஒரு யூனிட் தின்னாதேப்பா. நமக்கு மணிக்கு இருநூறு யூனிட் தீரணும். ஃபேன் ரொம்பச் சிக்கனமான சாமான். அதை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

"அப்ப ஏசி போடுங்க சார். அது நல்லாத் தின்னும்."

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "ஏசியா? பூமியே சூடாயிடும்ப்பா. நாம பசுமைக் கம்பெனி." அவர் தலைக்கு மேலிருந்த ஏசி இதை உம் கொட்டிக் கேட்டது.

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மிச்ச மின்சாரத்தை எரித்துச் சூடாக்கித் தீர்ப்பதற்குக் கம்பிச் சுருள் அலமாரி ஒன்று வாங்க வேண்டும். எங்கே வைப்பது? இயந்திரங்கள் பக்கம் வைத்தால் இயந்திரம் கெடும். அலுவலகம் பக்கம் வைத்தால் ஆட்கள் முணுமுணுப்பார்கள். இஸ்திரிப் பிரிவின் பின்சுவர்தான் தோது என்றார் முதலாளி. "அங்க இருக்கறவங்க சூட்டுக்குப் பழகினவங்க."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது தன் மனைவி என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். முதலாளி அவர் தோளில் கை வைத்தார். "அதனாலதான்ப்பா உன்கிட்ட ஒப்படைக்கிறேன். சொந்த வீட்டு வேலை மாதிரி பார்த்துச் செய்வே."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அண்ணி முழங்கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். சூரியனை வாங்கினவர்கள் கொசுறாகக் கொஞ்சம் நிழலையும் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அண்ணனுக்கு "மாட்டேன்" என்ற சொல் தொண்டைவரை வந்தது. இரண்டு பேர் சம்பளமும் ஒரே வாசலில்தான் என்ற நினைப்பு வந்ததும் திரும்பிப் போய்விட்டது. அலமாரியை மாட்டினார்.

கேடயம் கொடுக்க வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஓர் அம்மையார் வந்தார். சரியாகப் பன்னிரண்டுக்குச் சுருள்கள் பழுத்தன. பசுமை அதிகாரி மீட்டரைக் காட்டினார். நூற்றிருபது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓய்வதற்குள் இஸ்திரிப் பிரிவின் கதவு திறந்தது. பன்னிரண்டு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, மரம் மட்டை இல்லாத முற்றத்தில், நட்ட நடு வெயிலில் நின்றார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அம்மையார் கேட்டார். முதலாளி ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. சூரியனுக்கு நன்றி சொல்கிறார்கள், இங்கே தினமும் இப்படித்தான் என்றார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்துக்கொண்டார்.

ஃபியூஸ் அண்ணன் பதறிப்போய் ஓடினார். "ஏம்மா, இந்த வெயில்லயா வந்து நிப்பே? மறுபடி விழுந்தா என்ன ஆகும்?"

அண்ணி கழுத்து வியர்வையைத் துடைத்து உதறினாள்.

"உள்ள இருக்கறது கம்பெனி வாங்கின வெயிலு. இது யாரும் வாங்காத வெயிலு. இதுதான் குளுகுளுன்னு இருக்கு."

அண்ணன் அவளை ஒரு தரம் பார்த்தார். நேரே சுவருக்குப் பின்னால் போனார். அலமாரியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். மீட்டர் நூற்றுக்கு இறங்கியது. "நல்ல வெயில் வீணாப் போகுதே" என்று பசுமை அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சூரியனைத் தடுத்த குற்றத்துக்காக" அன்று சாயந்தரமே அண்ணனுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. அவரும் வர வேண்டும், எட்டு விசிறியும் வர வேண்டும், அதுவரை பெட்டியைத் தொட மாட்டோம் என்று பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கசங்கிய சட்டை கப்பலேறுமா? மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். அவர் கையாலேயே அலமாரி இறங்கியது, விசிறிகள் ஏறின. ஒவ்வொரு விசிறிக்குக் கீழும் ஒரு பலகை தொங்குகிறது: "பசுமைத் திட்டத்தின் கீழ் அன்புடன் வழங்கப்பட்ட காற்று." அந்தக் காற்றுக்கும் அடுத்த வருஷம் தனிக் கேடயம் கொடுத்தார்கள்.

கெட்டிக்காரர்கள்தான் கண்ணுகளா, நான் இல்லை என்று சொல்லவில்லை. நூறு மைல் தூரத்திலிருந்து சூரியனை வரவழைத்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வெந்துகொண்டிருந்த பன்னிரண்டு பேர் மட்டும் மூன்று வருஷமாக அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை. கண்ணில் பட்ட அன்றைக்கும் படம்தான் எடுத்தார்கள்.

போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் அனலில் நிற்கிறவர் யாரோ, காற்று முதலில் அவர் பக்கம் வீசட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.