பன்னிரண்டு விதிகளும் ஒரு வெள்ளை கவுனும்

பசுமையார் என்றொரு இனம் உண்டு. உங்கள் மாடியிலேயே ஒருவர் குடியிருப்பார். நீங்கள் வாங்கிவரும் சோப்புத் தூளைப் பையிலிருந்து உரிமையோடு எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, உதட்டைப் பிதுக்கி, நீங்கள் ஏதோ கொலைக்கு உடந்தையானதுபோல் பார்ப்பாரே, அவரேதான். பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு விதிகளாம். முதலாவது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்: கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாக்காமல் இருப்பதே மேல். மீதிப் பதினொன்றா? அதற்குள் லிஃப்ட் வந்துவிடும்.

நம் பசுமையார் வீட்டில் எதைத் துடைப்பதானாலும் பழத்தோலையும் சர்க்கரையையும் ஊறவைத்து அவரே தயாரிக்கும் திரவம்தான். தோலுக்காகவே கூடை கூடையாகப் பழம் வாங்கி, தின்ன ஆளில்லாமல் பாதியைக் குப்பையில் கொட்டுவார். முதல் விதி? அது அடுத்த வீட்டுக்கு.

ஊறும்போது வாயு கிளம்பும், மூடியை அவ்வப்போது திறந்துவிட வேண்டும் என்று ஊருக்கே வகுப்பெடுத்தவர் அவர். ஆனால் வாடை தாங்கவில்லை என்று மனைவி முணுமுணுத்ததும், பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, அந்த அம்மாளின் தையல் அறை அலமாரிக்கு மேலே தள்ளிவிட்டார். கீழே தொங்கியது, மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய வெள்ளை கவுன். அம்மாள் கண் எரிய எரியத் தைத்தது.

பாட்டில் வெடித்தது. கவுனெல்லாம் பழுப்புக் கறை.

பசுமையார் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டித் தேய்த்தார். அவை நுரைத்துப் பொங்கி, ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, வெறும் உப்புத் தண்ணீராக வழிந்தன. கறை மட்டும் சௌகரியமாகப் பரவியது.

"போதும், கைய எடுங்க," என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "கழிவே வராம பாத்துக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பசுமையார் கவுனைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். எங்கே? விஷக் கிடங்கு என்று குடியிருப்புக் கூட்டத்தில் அவரே கண்டித்துப் பேசிய அதே டிரை கிளீனிங் கடைக்கு.

"தம்பி, இருக்கறதுலயே கடுமையான கெமிக்கல் எதுவோ அதப் போடுங்க," என்று கிசுகிசுத்தார். "நான் வந்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கறை போயிற்று, கல்யாணமும் நடந்தது. கவுன் எப்படி இப்படிப் பளிச்சென்று இருந்தது என்று எதிர்வீட்டம்மாள் வியந்தபோது, பசுமையார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழத்தோலின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தார். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும், உங்கள் குளியலறை மூலையில் ஒன்று ஊறிக்கொண்டிருக்கிறதே, அதன் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வாருங்கள்.