களவுபோன பதினொரு நிமிடம்

இசை விமர்சனம் என்னும் உயர்கலை ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்தது என்று சொல்கிறவர்கள் வன்னியில் மல்லாவிப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், அந்தக் கலை வவுனிக்குளம் போகும் வீதியில், கூட்டுறவுச் சங்க மனேச்சர் சிற்றம்பலத்தாரின் வீட்டு முன் அறையில், கதிரை போட்டுக் கால் நீட்டி இருப்பதைத் தங்கள் கண்ணாலேயே கண்டிருப்பார்கள்.

அங்கேதான் 'மின்சாரக் கிளி இரசிகர் பேரவை' கூடும்.

'மின்சாரக் கிளி' என்பது எழுபத்தைந்தாம் ஆண்டு கொழும்பில் வெளிவந்த றொக் இசைத்தட்டு. எட்டுப் பாட்டு. பாடியவர் கிற்றார் கனகசிங்கம். தலைமயிரைத் தோள்வரை வளர்த்து, காற்சட்டையின் அடிப்பக்கத்தை வீதி கூட்டும் அளவுக்கு அகலமாகத் தைத்து, தமிழுக்குள் மின்சாரம் பாய்ச்சிய மனிதர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய தட்டிலிருந்து பதிந்த கசெற் ஒன்று மட்டும் தொண்ணூற்றோராம் ஆண்டு எப்படியோ மல்லாவிக்கு வந்து சேர்ந்தது. அன்றே பேரவையும் பிறந்தது.

உறுப்பினர் தொகை மூன்று. தரம் கெட்டுவிடும் என்பதால் அது கூட்டப்படவில்லை. தலைவர் சிற்றம்பலத்தார். செயலாளர் யோகநாதன், கணித ஆசிரியர். எதையும் அளக்காமல் ரசிக்க மாட்டார். காப்பாளர் அப்புத்துரை, இரண்டு உழவு மெசினுக்குச் சொந்தக்காரர். கூட்டம் தொடங்கியதும் நித்திரை கொள்வார், ஆனால் 'தீர்மானம்' என்ற சொல் காதில் விழுந்தால் கண்ணைத் திறக்காமலே "வழிமொழியிறன்" என்பார்.

பத்தாண்டுக்கு மேலாக ஞாயிறு தவறாமல் கேட்டுக் கேட்டுப் பேரவை சில பேருண்மைகளை நிலைநாட்டியிருந்தது. கனகசிங்கத்தின் குரல் கிணற்றுக்குள் நின்று எருமைக்கடா கூப்பிடுவது போன்ற கம்பீரக் குரல். அவருடைய மேளகாரர் அவசரம் என்பதை அறியாத ஞானி. இவற்றுக்கெல்லாம் சிகரம் எட்டாவது பாட்டு, 'கடைசி ரயில்'. அதன் நடுவில் பாட்டே களைத்துப் போனது போல இழுபட்டு, தேய்ந்து, பிறகு மெல்ல எழும்பும். யோகநாதன் இதற்குத் 'தயங்கு தாளம்' என்று பெயர் சூட்டி நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சிற்றம்பலத்தார் அந்த இடத்தில் அழுவார். தகப்பன் செத்தபோதும் அழாத மனிதர்.

இரண்டாயிரத்து இரண்டில் போர் ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்து, பற்றறி பெட்டிக்கடையிலும் கிடைக்கத் தொடங்கியதும், பேரவை கசெற்றைப் போடுவதை நிறுத்திக்கொண்டது. எல்லாரும் கேட்கக்கூடிய காலத்தில் பாட்டுக் கேட்பதில் என்ன தியாகம் இருக்கிறது? கசெற் பூச்சி உருண்டையோடு அலுமாரிக்குள் போனது. அன்றிலிருந்து பேரவை கேட்பதில்லை, கதைப்பது மட்டும்தான். விமர்சனம் அதனால் இன்னும் கூர்மையானது.

இப்படியிருக்க, இரண்டாயிரத்து நான்கு ஆனி மாதம், ரொறன்ரோவில் 'மின்சாரக் கிளி' சீடியாக மறுபதிப்புக் காண்கிறது என்ற செய்தி வந்தது. பேரவை உடனே கூடியது. முதல் ஞாயிறு, மறுபதிப்புத் தேவையா என்று ஆராய்ந்தது. இரண்டாம் ஞாயிறு, அதைச் 'சீடி' என்பதா 'இறுவட்டு' என்பதா என்று விவாதித்து, இறுவட்டே என முடிவு செய்தது. மூன்றாம் ஞாயிறு, மறுபதிப்பை 'நிபந்தனையுடன் வரவேற்கும்' தீர்மானம் நிறைவேறியது. கேட்டுவிட்டுக் கதைப்பது எவருக்கும் கூடும். கேளாமலே மூன்று கூட்டம் நடத்துவதற்குத் தனி ஆற்றல் வேண்டும்.

நான்காம் ஞாயிறு பின்னேரம் முன்ஸிர் வந்தார். சந்தையடியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். சொந்த ஊர் முல்லைத்தீவு. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது போனவர், பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பியிருந்தார். வவுனியாவில் சாமான் எடுக்கப் போனவர் கையோடு சீடியையும் கொண்டுவந்திருந்தார். அவர் வந்த லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஒரு சின்ன ஜெனரேற்றர்; சீடியும் கசெற்றும் இரண்டும் போடக்கூடிய பெரிய செற் ஒன்று.

"அண்ணை, உங்கட ஆளின்ர சீடி."

"இறுவட்டு," என்றார் யோகநாதன்.

"ஓம், அதுதான். எங்கை வைக்க?"

ஜெனரேற்றர் முற்றத்தில் இரைந்தது. யோகநாதன் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்தார். சிற்றம்பலத்தார் கண்ணை மூடினார்.

பாட்டுத் தொடங்கியது. கண்ணைத் திறந்தார். கிணற்றுக்குள் எருமை இல்லை. மேட்டில் நின்று ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. மேளகாரர் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் போல அடித்தார். 'கடைசி ரயில்' வந்தது. தயங்கவில்லை, தேயவில்லை, சிக்னல் விழுந்த ரயில் போலப் பறந்து போய்விட்டது. சிற்றம்பலத்தார் அழுவதற்கு எடுத்த லேஞ்சியை மடித்து மறுபடி பையில் வைத்தார்.

"முப்பத்து நாலு நிமிசம்," என்றார் யோகநாதன். "எங்கட கசெற் நாற்பத்தைஞ்சு. தலைவர், பதினொரு நிமிசத்தைக் களவெடுத்துப்போட்டாங்கள்!"

"எட்டுப் பாட்டும் கிடக்குத்தானே?" என்றார் முன்ஸிர்.

"பாட்டுக் கிடக்கு. நேரத்தைக் காணேல்லை."

"இது கனகசிங்கமே இல்லை," என்றார் சிற்றம்பலத்தார். "அவரின்ர தம்பியா இருக்கும். இல்லாட்டி மருமோன்."

முன்ஸிர் சிரித்தார். "அண்ணை, அந்தாள் பாடுறதே இப்பிடித்தான். கற்பிட்டியிலை எங்கட அகதி முகாமுக்குப் பக்கத்திலை ஒரு தேத்தண்ணிக் கடை. கரண்ட் இருந்தது. நாள் முழுக்க இதைத்தான் போடுவான். இதே குரல், இதே வேகம்."

சிற்றம்பலத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. "முன்ஸிர், குறை நினையாதையும். நாங்கள் இஞ்சை குண்டுக்கையும் பட்டினிக்கையும் இருந்து கேட்டனாங்கள். நீர் இஞ்சை இருக்கேல்லை."

முன்ஸிரின் சிரிப்பு நின்றது.

"ஓம் அண்ணை. இருக்கேல்லைதான். போகச் சொன்னவை, போனனாங்கள்."

அப்புத்துரைகூட நித்திரையில் அசைந்தார். பேரவை ஒரு பொறுப்புள்ள அமைப்பு. இத்தகைய இக்கட்டான வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். யோகநாதன் குறிப்பேட்டில் எழுதினார்: 'உறுப்பினர் அல்லாத ஒருவர் தெரிவித்த கருத்து, நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடியால் பதிவு செய்யப்படவில்லை.'

பிறகு வேலை வேகமாக நடந்தது. 'மின்சாரக் கிளியின் களவுபோன பதினொரு நிமிடத்தை உடன் மீட்டுத் தரும்படி' ரொறன்ரோவுக்குக் கடிதம் அனுப்பத் தீர்மானம்.

"வழிமொழியிறன்," என்றார் அப்புத்துரை.

சாட்சியாக உண்மையான பாட்டின் பிரதியும் போக வேண்டும். அலுமாரி திறந்தது. பூச்சி உருண்டை மணத்தோடு கசெற் வெளியே வந்து முன்ஸிரின் செற்றுக்குள் போனது. முன்ஸிர் பட்டனை அமத்தினார்.

ஆட்டுக்குட்டி துள்ளியது.

யோகநாதன் கசெற்றை எடுத்துப் பார்த்தார், தட்டினார், மறுபக்கம் போட்டார். அதே ஆட்டுக்குட்டி.

"உம்மட மெசின் பிழை," என்றார் கடைசியில்.

"சரி, உங்கட செற்றிலை போடுங்கோ. எந்தக் கரண்டிலை போட்டனீங்கள் முந்தி?"

"கரண்டோ? அப்ப எங்காலை கரண்ட், எங்காலை பற்றறி? தடையெல்லோ. டைனமோதான்."

பற்றறிக்கும் எண்ணெய்க்கும் அரசு தடை போட்டிருந்த காலத்தில் வன்னி முழுக்க அப்படித்தான் பாட்டுக் கேட்டது. சயிக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழலும். சில்லோடு உரசும் டைனமோவில் வருகிற கரண்டில் செற் பாடும். சிற்றம்பலத்தார் வீட்டில் சயிக்கிளின் கரகரப்பு இசைக்கு இடைஞ்சலாக இருந்தபடியால், 'கலைக்கும் கைத்தொழிலுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும்' என்று தீர்மானித்து, சயிக்கிளைக் குசினியில் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுத்திருந்தார்கள்.

"அப்ப சுத்தினது ஆர்?" என்று கேட்டார் முன்ஸிர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்தாண்டில் இப்படியொரு கேள்வி எழுந்ததே இல்லை.

"எங்கட ஆள்தான்," என்றார் சிற்றம்பலத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், ஒருக்கா வாரும்!" என்றார்.

அவர் மனைவி சிவனேஸ்வரி மா வறுத்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விடயத்தைக் கேட்டார்.

"சயிக்கிள் சுத்த வேணுமோ? ஜெனரேற்றர் நிக்குதே."

"உது சரிவராது அக்கா. உங்கட கரண்ட்தான் வேணும்," என்றார் யோகநாதன்.

சிவனேஸ்வரி சந்தைக்குப் போய்வரும் சயிக்கிளையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பதிவு செய்யும் வசதிக்காக இந்த முறை முன் அறையிலேயே. பழைய செற்றுக்கு வயர் பூட்டியாயிற்று. சிவனேஸ்வரி ஒரு கட்டையை இழுத்துப் போட்டு இருந்து, பெடலைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்.

எருமை வந்துவிட்டது. கிணறும் வந்துவிட்டது.

"இதுதான்! இதுதான் கனகு!" என்று யோகநாதன் துள்ளினார். அப்புத்துரை முழித்துக்கொண்டு முழித்தபடியே இருந்தார். முன்ஸிர் தன் செற்றில் பதிவுப் பட்டனை அமத்தினார். அவருடைய கண் செற்றில் இல்லை, சுற்றுகிற கையில் இருந்தது. சிற்றம்பலத்தாரும் கண்ணை மூட முயன்றார். முடியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மனைவியின் தோள் ஏறி இறங்குவதும், மூச்சு வாங்குவதும் பாட்டுக்கு நடுவே கேட்டன. சுவர் இருந்த காலத்தில் இசை இன்னும் தூய்மையாக இருந்தது என்று அவருக்குப் பட்டது.

ஏழு பாட்டு முடிந்து 'கடைசி ரயில்' வந்தது. யோகநாதன் ஒரு விரலை உயர்த்தினார். சிற்றம்பலத்தார் லேஞ்சியை எடுத்தார். அந்த இடம் வந்தது. வந்து, போய்விட்டது.

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ! அக்கா, இதிலை தயங்க வேணும்."

"என்னத்துக்கு?"

"முந்தித் தயங்கினனீங்கள்தானே. ஒவ்வொரு கிழமையும், அச்சொட்டா இதே இடத்திலை."

சிவனேஸ்வரி சுற்றுகிற கையை நிறுத்தாமல் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"ஓ, அதோ! அது சோத்துப் பானை. நீங்கள் பாட்டுப் போடேக்கை நான் உலை வைப்பன். எட்டாம் பாட்டுக்குப் பொங்கி வழியும். ஒரு கையாலை மூடியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை சுத்துவன். அது கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

நாற்பத்திரண்டு பக்கமும் யோகநாதனின் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரண்டன.

"அப்ப தயங்கு தாளம்..."

"சோறு," என்றார் முன்ஸிர்.

"வழிமொழியிறன்," என்றார் அப்புத்துரை.

ஆனால் யோகநாதன் இலேசில் தோற்கிற விமர்சகர் அல்ல. குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"சரி அக்கா. தயக்கம் சோறெண்டே வைப்பம். இதுக்கு என்ன சொல்லுறியள்? தொண்ணூற்றேழாம் ஆண்டு, மாசி மாதம், ரண்டாம் ஞாயிறு. இதே பாட்டிலை ஒரேயொரு நாள் முழு மௌனம். ஒரு நிமிசமும் பத்துச் செக்கனும். அந்த மௌனத்துக்கு நாங்கள் மூண்டு பேரும் எழும்பி நிண்டு கை தட்டினனாங்கள். நாங்கள் மூண்டு பேரும் எழும்பி நிண்டு கை தட்டினனாங்கள். பானை பொங்கினா அப்பிடியொரு மௌனம் வராது. அது கலை!"

சிற்றம்பலத்தாருக்கு அந்த நாள் நல்ல நினைவு. அன்று அழுததைப்போல அவர் வேறெந்த நாளும் அழுததில்லை. ஆவலோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

சிவனேஸ்வரி பெடலிலிருந்து கையை எடுத்தார். கனகசிங்கம் ஒரு சொல்லின் பாதியில் இழுபட்டு நின்றுபோனார்.

"மாசியிலையோ," என்றார். "அண்டைக்கு எனக்கு மலேரியா. நாலாம் நாள் காய்ச்சல். பெடலோடை அப்பிடியே விழுந்திட்டன்."

"நீர் எனக்குச் சொல்லேல்லையே!" என்றார் சிற்றம்பலத்தார்.

"நீங்கள் கேக்கேல்லையே. ஒரு நிமிசமும் பத்துச் செக்கனும் கிடந்தனானோ? எனக்குத் தெரியாது, நான் எண்ணேல்லை. எண்ணினது நீங்கள்தானே." எழுந்து, கையில் ஒட்டியிருந்த கிறீசைத் துடைத்தார். "எனக்கு உணர்வு வந்ததே உங்கட கைதட்டலிலைதான். பாட்டு நிண்டுபோச்செண்டு, என்னைச் சுத்தச் சொல்லித்தான் தட்டுறியளாக்கும் எண்டு நினைச்சன். எழும்பிச் சுத்தினன்."