நூற்றுக்கு நூறு வாங்கிய ரத்தப் பரிசோதனை

மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் ஊர்ப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் வாய் திறப்பதற்கு முன், திறந்த பின். வாய் திறந்த அந்த விழாவில் நானும் இருந்தேன். 'நோயாளர் குடும்பப் பிரதிநிதி' என்று அழைத்திருந்தார்கள். மனைவியைப் பறிகொடுத்தால் இப்படியொரு பதவி கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இயக்குநர் பேசினார்.

"நம்ம உடம்புல குறியீடற்ற ஆர்.என்.ஏ.ன்னு ஒரு கூட்டம் இருக்கு. புரதம் எதுவும் தயாரிக்காது. ரொம்ப நாளா குப்பைன்னு ஒதுக்கி வெச்சிருந்தோம். இப்பப் பாத்தா, சினைப்பைப் புற்றுநோய ஏவி விடறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு!"

தான் ஒன்றும் செய்யாமல் மற்றவர்களை ஏவியே காலம் தள்ளும் வித்தை மேடையிலிருந்த அதிகாரிகளுக்குச் சட்டென்று புரிந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

ரத்தத்தில் அது போடும் முணுமுணுப்பைக் கேட்டே நோயை ஆரம்பத்தில் பிடித்துவிடலாமாம். இயக்குநரின் காது எனக்குப் புதிதல்ல. வயிறு உப்பி, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாமல் என் மனைவி முதலில் போனது அவரிடம்தான்.

"வெறும் கேஸும்மா. நல்லாத்தான் இருக்கீங்க. ஆங், ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமானவங்க ரத்தம் தேவைப்படுது. குடுக்கறீங்களா?"

கொடுத்தாள். குழாயில் ஒட்டிய எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, நாப்பத்தொண்ணு. நம்ம வீட்டு நம்பர்! என் ரத்தம் வழி தவறினாலும் வீட்டுக்கு வந்துடும்."

அடுத்த வருடம் 'கேஸ்' வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

திரையில் படம் வந்தது. நோயாளிகள் மேலே, சிவப்புப் புள்ளிகள். ஆரோக்கியமானவர்கள் கீழே, பச்சைப் புள்ளிகள். நடுவே ஒரு ஈ கூட இல்லை. "நூற்றுக்கு நூறு!" என்றார் இயக்குநர்.

என்னைக் கவனித்துக்கொள்ளப் பக்கத்தில் உட்காரவைத்திருந்த ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டேன். "ஒண்ணுகூடவா தப்பல?"

"ஒரே ஒரு பச்சை சார். மேல ஏறிப் போய் சிவப்புங்களோட உக்காந்துக்கிச்சு. திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்தோம், இறங்கவே மாட்டேன்னுது. சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு தூக்கிட்டோம்."

"எந்த நம்பர்?"

"நாப்பத்தொண்ணு. எங்க லேப்ல அதுக்குப் பேரே 'அடங்காப்பிடாரி' சார்."

"அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

"எதுக்கு சார்? அவங்கதான் ஆரோக்கியமானவங்களாச்சே!"

விஞ்ஞானத்தின் இந்தக் கறார்த்தனத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் நினைவுப் பரிசைக் கொடுத்துக் காதருகே சொன்னார்: "ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி. கொஞ்சம் நம்பிக்கையா."

மைக்கைப் பிடித்தேன்.

"சார், நாப்பத்தொண்ணு என் பொண்டாட்டி. அவளையும் படத்துல சிவப்புப் புள்ளியா சேத்துக்குங்க. பயப்படாதீங்க, உங்க பரிசோதனை அப்பவும் நூத்துக்கு நூறுதான். ஃபெயிலானது நீங்க மட்டும்தான்."