உப்பு சரியா இருக்கா?

பசி வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குடும்பமே சாட்சி.

மலேசியாவிலிருந்து ராஜபாளையத்துக்குப் பொறியியல் படிக்க வந்தவன் நான். ("எல்லாரும் இங்கருந்து அங்க போறாங்க, நீ ஏன் தம்பி இங்க வந்த?" என்று கேட்காத ஆட்டோக்காரர் இல்லை.) விடுதிச் சாம்பாரில் நான் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்த இயற்பியல் சார், "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துரு தம்பி. எங்க அக்கா சமையல்" என்றார். என்ன விசேஷம் என்று அவர் சொல்லவில்லை. சமையல் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கும் எதுவும் கேட்கவில்லை.

விடுதி வார்டன் வேறு எச்சரித்து அனுப்பினார். "எல போட்டிருந்தா யோசிக்காம உக்காந்துரு. இல்லன்னா கோவிச்சுக்குவாங்க."

சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. "சார்" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினேன். உள்ளே ஜன்னலெல்லாம் அடைத்து, ஒரே ஒரு விளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகை. தரையில் இலை நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, வடை. பக்கத்தில் புது வேட்டியும் துண்டும். சுவரோரம் மாலை போட்ட படத்திலிருந்து ஒரு மீசைக்காரர் முறைத்தார். (எங்களுடையது சர்ச்சுக்குப் போகிற குடும்பம். படத்துக்கு முன்னால் இலை போடும் வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது.)

விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோய், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மீசைக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பிடரி குறுகுறுத்தது. அப்போதுதான் எதிரே மூடியிருந்த கதவைக் கவனித்தேன். அதன் அடியில் வரிசையாகக் கால்களின் நிழல். ஒன்றும் அசையவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது. "வந்துட்டியளா?"

"ம்" என்றேன். வாயில் முட்டை.

"அன்னைக்கு உப்பு கூடிப்போச்சுன்னு பாதியில எந்திரிச்சுப் போயிட்டிய. இன்னைக்காவது முழுசாச் சாப்பிடுங்க."

நான் அந்த வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. எழுந்து ஓடலாமா என்று வாசலைப் பார்த்தேன். (ஆனாலும் கை வாய்க்குப் போவதை நிறுத்தவில்லை.)

"உப்பு சரியா இருக்கா?" குரல் உடைந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

உள்ளே யாரோ வீறிட்டார்கள். தாழ்ப்பாள் விலகியது. எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு என்று வகுப்பில் முழங்கும் எங்கள் சார், புகைக்குள் துண்டும் தோளுமாக என்னைப் பார்த்ததும் "அத்தான்!" என்று அலறி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மீசைக்காரர்தான் இறங்கி வந்துவிட்டார் என்று நானும் அலறினேன்.

எழுந்து உட்கார்ந்தபின் சார் விளக்கினார். "அத்தானோட நினைவு நாள் தம்பி. அவிய வந்து சாப்பிடட்டும்னு வாசலத் தெறந்து வச்சிட்டு, நாங்க உள்ள நிப்போம்." போன வருடம் அக்காவோடு சண்டை போட்டு இலையிலிருந்து எழுந்து போனவர், சாலை விபத்தில் போய்விட்டாராம்.

வாயிலிருந்த கறியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு வருடமாக அந்த அம்மாள் தவித்துக் காத்திருந்த பதிலை நான் சொல்லித் தொலைத்திருந்தேன். கூனிக் குறுகித் துண்டை எடுக்கப் போனேன்.

"கெடக்கட்டும்" என்றார் அக்கா. அலறாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான். "பதில் சொன்னது அவிய இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அம்புட்டு வருசம் ஆக்கிப் போட்டேன், ஒருநாளாவது நல்லாருக்குன்னு சொல்லிருப்பாவளா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "பாதியில எந்திரிக்காத தம்பி" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். மீசைக்காரர் பிடரியில் முறைக்க முறைக்க, முழுவதையும் சாப்பிட்டேன்.

இன்றும் அந்த வீட்டு ஆண்கள் யாராவது சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், வெளியாள் யாரும் நுழைந்துவிட்டாரா என்று பெண்கள் முதலில் வாசல் கதவைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.