கட்டை எந்த ஊரில் வேகும்

ஒகுனோ ஹிசாஷி தன் வாழ்நாளில் எடுத்த ஒரே பெரிய தீர்மானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார். ஒரு வருஷம். ஜப்பான் முழுக்க. குடும்பத்தோடு. ஒரு நாள்கூட ஓட்டலுக்குக் காசு கொடுப்பதில்லை.

அவர் மனைவி கனாயே கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படிப்பட்ட அறிவிப்புகளை நிறையக் கேட்டவள். பால்கனியில் காளான் வளர்த்து ஒஸாகா முழுக்க விற்கப் போவதாகக்கூட ஒரு முறை அறிவித்திருந்தார். அந்தக் காளான் வளர்ந்தது பால்கனிச் சுவரில்தான்.

"ஓட்டல் இல்லைன்னா, யார் வீட்டுல தங்குறது?" என்றாள்.

ஹிசாஷி இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். ஆள் குறைந்துபோன கிராமங்கள் நாட்டில் ஏராளம். அங்கெல்லாம் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. "இங்கே குடிவர யோசிக்கிறோம்" என்று சொல்லும் குடும்பத்துக்குக் கிராம அலுவலகமே அதில் ஒரு வீட்டைத் திறந்து, ஒரு மாசத்துக்குக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுக்கிறது. தங்கிப் பார்க்கும் வீடு என்று பெயர். பிடித்தால் குடிவரலாம். பிடிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பன்னிரண்டு மாசம், பன்னிரண்டு ஊர்.

"நாம குடிவர யோசிக்கிறோமா?"

"யோசிக்கிறதுக்கு வாடகை கிடையாதே, கனாயே."

அவருக்கு அச்சுப்பிழை திருத்தும் வேலை. கம்ப்யூட்டரும் மின்சாரமும் இருந்தால் எந்த மூலையிலும் உட்கார்ந்து செய்யலாம். மகள் கோஹாருவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு. அதற்கு முன்னால் சுற்றினால்தான் உண்டு. வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை அண்ணன் வீட்டு ஷெட்டில் அடைத்துவிடுவது என்று திட்டம் சுத்தமாக இருந்தது.

"சுத்திட்டு வந்து ஏப்ரல்ல எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறது?" என்று கனாயே கேட்டாள்.

"அப்பப் பாத்துக்கலாம்."

கனாயே சூப்பைக் குடித்து முடித்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் பின்னால் பாடாய்ப் படுத்தும் என்று ஹிசாஷிக்கு இந்த வயதிலும் தெரியாமல் இருந்தது.

முதல் ஊர் ஒரு மீனவ கிராமம். வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு சின்ன நேர்காணல். ஏன் இந்த ஊருக்கு வர நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஹிசாஷி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் நகரத்துல பிறந்தவன். ஆனா என் கட்டை இந்த மண்ணுலதான் வேகணும்."

எதிரே இருந்த குமாஸ்தா மூக்கை உறிஞ்சினார். சாவி கைக்கு வந்தது. கனாயே கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே வந்ததும் ஹிசாஷி தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அதே வசனம்தான். ஆரஞ்சுத் தோட்டத் தீவில் அவர் கட்டை வெந்தது. வெந்நீர் ஊற்று மலையில் வெந்தது. அக்டோபர் வருவதற்குள் ஐந்து ஊர்களில் வெந்துவிட்டது. ஆறாவது ஊரில் கைக்குட்டையும் சேர்த்துக்கொண்டார்.

"ஒரு கட்டைதானே இருக்கு உங்ககிட்ட. பங்கு போட்டு அனுப்புவீங்களா?" என்று கனாயே ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

சும்மா கிடைப்பது எதுவும் சும்மா இல்லை என்பது ஹிசாஷிக்கு இதற்குள் முதுகில் எழுதப்பட்டிருந்தது. குடிவர யோசிக்கிறவர் என்றால் ஊர் வேலைக்கும் வருவார்தானே. காலை ஆறு மணிக்குப் புல் வெட்டக் கூப்பிட்டார்கள். வாய்க்கால் தூர் வாரக் கூப்பிட்டார்கள். திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்க வைத்தார்கள். உயரமான ஆள் என்று முன் வரிசையில் நிறுத்தியதில் மொத்த சாமியும் அவர் வலது தோளில்தான் உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் மனைவிக்கு உடம்பு சரியில்லை, மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ சொல்லிக் கிளம்ப வேண்டும். மாமனார் அந்த வருஷத்தில் மட்டும் நான்கு முறை படுத்தார். உண்மையில் அவர் ஒஸாகாவில் தினமும் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் ஹிசாஷி கவனிக்கவில்லை. முதல் ஊரில் கோஹாரு தெருவில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கிளம்பும்போது அழுதாள். இரண்டாவது ஊரிலும் அப்படித்தான். மூன்றாவது ஊரிலிருந்து அவள் யார் பேரையும் கேட்கவில்லை. கனாயே அதைக் கவனித்தாள்.

ஏழாவது ஊர் நுகுமி. வடக்கே, பனி கொட்டும் பக்கம். நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குடிவருபவர்களைக் கவனிக்கும் ஐம்பது வயது அலுவலகத்துக்காரர் வரவேற்றார்; பேரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்து ஊர் அவரை மினோவா-சான் என்று கூப்பிட்டது. நேர்காணலுக்கு அவர் மட்டும் அல்ல, ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் வந்து மண்ணெண்ணெய் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ஹிசாஷிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கட்டையை வேகவைத்தார். கைக்குட்டையை எடுத்தார். அப்போது சுவரில் மாட்டியிருந்த ஒரு மரப் பள்ளிக்கூடத்தின் போட்டோ கண்ணில் பட்டது. சரி, கொஞ்சம் கூடுதலாகத் தாளிப்போம் என்று நினைத்தார்.

"என் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஒண்ணாங்கிளாஸ் சேரணும். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

மினோவா-சான் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கிழவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்னொருவர், திரும்பச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். ஹிசாஷி திரும்பச் சொன்னார், இன்னும் அழகாக.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஆறு பிள்ளைகள். வருகிற ஏப்ரலில் ஒன்றாம் வகுப்புக்கு ஒருவர்கூட இல்லை என்றால் மூடிவிடுவதாக முடிவாகியிருந்தது. இது ஹிசாஷிக்குத் தெரியாது. கனாயேவுக்கு அன்று சாயங்காலமே தெரிந்தது. முள்ளங்கி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ட்சுருமி-சான் முள்ளங்கியோடு அதையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை. அதற்கு மறுநாள் அரிசி. அப்புறம் ஊறுகாய், ஆப்பிள், ஒரு முழு மீன். ஒரு மாசம் என்ன, குளிர்காலம் முழுக்க இருங்கள், வாடகை வேண்டாம் என்று மினோவா-சானே வந்து சொன்னார். ஹிசாஷிக்குத் தலைகால் புரியவில்லை. தன் நாக்கு மட்டும் அரசியலுக்குப் போயிருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னார்.

"போயிருக்கும்" என்றாள் கனாயே.

டிசம்பரில் பனி இறங்கியது. இறங்கிய பனி போகவில்லை. காலையில் எழுந்தால் கதவு திறக்காது. திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். அதை வெட்டித் தள்ளிவிட்டு உள்ளே வந்து தேநீர் குடித்தால் அதே இடத்தில் திரும்பவும் சுவர். கூரைமேல் ஏறிப் பனி தள்ளாவிட்டால் கூரை உட்கார்ந்துவிடும் என்றார்கள். ஏறினார். கூரை உட்காரவில்லை, ஹிசாஷிதான் கீழே வந்து உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் உறைந்தது. கம்ப்யூட்டர் குளிரில் சுருண்டு படுத்துவிட்டது. விரல்கள் எழுத்துகளைத் தேடிப் போகாமல் அக்குளைத் தேடிப் போயின. போதாததற்கு ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் அவரைச் சேர்த்து, முதுகில் ஒகுனோ என்று குடும்பப் பெயரைத் தைத்த கோட்டையும் கொடுத்துவிட்டார்கள். வாரா வாரம் உறைந்துபோன குளத்தங்கரையில் நின்று குழாயைப் பிடித்துப் பயிற்சி. இந்தப் பனியில் எது தீப்பிடிக்கும் என்று அவருக்குப் புரியவில்லை. பிடித்தால் பக்கத்தில் போய் நிற்கலாம் என்றுதான் தோன்றியது.

வாழ்க்கை வெறுத்துப்போய், ஜனவரியில் யாருக்கும் தெரியாமல் தெற்கே ஒரு தீவில் வீடு பார்த்தார். அங்கே அந்த மாசத்திலேயே செம்பருத்தி பூத்துக் கிடந்தது. பிப்ரவரி பதினைந்திலிருந்து வீடு காலி. கட்டை அங்கேதான் வேக வேண்டும் என்று மெயில் அனுப்பினார். இந்த முறை முக்கால்வாசி நிஜமாகவே எழுதினார்.

"நீயே போய் மினோவா-சான்கிட்டச் சொல்லிடு. உங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு" என்றார் கனாயேவிடம்.

"எனக்கு உங்களை மாதிரிப் பேச வராது. பிப்ரவரி பன்னண்டாம் தேதி ஊர்க் கூடத்துல எல்லாரும் வர்றாங்களாம். நீங்களே சொல்லுங்க. இப்ப இதுல கொஞ்சம் கையெழுத்துப் போடுங்க."

"என்ன இது?"

"கோஹாருவுக்கு டாக்டர் பரிசோதனை, அப்புறம் சில காகிதம்."

ஹிசாஷி ஏழு பக்கத்தையும் படித்தார். தொழில் அப்படி. மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை, ஐந்தாம் பக்கத்தில் தேதி தப்பான கட்டத்தில் இருந்தது. இரண்டையும் சிவப்புப் பேனாவால் திருத்தினார். அலுவலகத்துக்காரர்களுக்கு ஒரு காகிதம் ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டே ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். எழுத்தைப் படிக்கும்போது விஷயத்தைப் படிக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவர் என்றைக்கும் மறந்ததில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஊர்க் கூடத்துக்குப் போனார்கள். ஹிசாஷி கைக்குட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தார். மாமனாரின் நோய்க்கு நல்லதாக ஒரு பெயரும் தேடி வைத்திருந்தார். உள்ளே நுழைந்தால் நாற்பது பேர். மேடையில் நீளமான துணி. அதில் தூரிகையால் பெரிதாக எழுதியிருந்தது: ஒன்றாம் வகுப்பு மாணவி ஒகுனோ கோஹாரு, வருக. கீழே பளபளவென்று ஒரு சிவப்புத் தோல் பள்ளிப்பை.

ஹிசாஷி முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அப்புறம்தான் படித்தார்.

கோஹாரு ஏற்கெனவே முன் வரிசையில் ஆறு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஆறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கனாயே?" என்றார் வாயை அசைக்காமல்.

"நீங்க சொன்னதுதான். பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துலதான் சேரணும்னு. பன்னண்டு பேர் முன்னால, ரெண்டு தடவை."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"ஏழு காகிதத்துல கையெழுத்துப் போட்டீங்களே. திருத்தியே குடுத்தீங்க. ஊர் மாத்துன பதிவுல தேதி தப்பா இருந்துச்சாம், நல்லவேளை கண்டுபிடிச்சாருன்னு மினோவா-சான் அவ்வளவு சொன்னாரு."

வாசல் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். தீயணைப்புப் படை நண்பர்கள் நான்கு பேர் ஒரு குளிர்சாதனப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவில் கோஹாரு மூன்று வயதில் ஒட்டிய கரடி ஸ்டிக்கர். ஒஸாகாவில், அண்ணன் வீட்டு ஷெட்டில் இருக்க வேண்டிய பெட்டி. இந்த ஊரில் தங்களுக்குத் தேவைப்படாத ஒரே பொருளும் அதுதான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெக்க அந்த வீடு..." என்றார் பலவீனமாக.

"போன வாரமே அவங்களுக்கு எழுதிட்டேன். வேற குடும்பம் போகுதாம். அவங்க நிஜமாவே யோசிக்கிறாங்களாம்."

பிறகு அவள் குரல் மாறியது. "அவ நாலு ஊரா யார் பேரையும் கேக்கலைங்க. இங்கதான் கேட்டா."

ஹிசாஷி மகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளை பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் லேசாகப் பின்னால் சாய்ந்து, சிரித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் நோய்ப் பெயர் அவருக்கு மறந்தே போனது.

மினோவா-சான் மைக்கை அவர் கையில் கொடுத்தார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். ஒன்பது மாசமாகப் பழகிய நாக்கு, வேறு எதுவும் தெரியாமல், தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

"என் கட்டை... இந்த மண்ணுலதான் வேகணும்."

கைதட்டல் ஓயவே இல்லை. மினோவா-சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினார். நேர்காணல் அன்று ஒகுனோ-சான் கேட்டதில் ஒன்றைக்கூட ஊர் மறக்கவில்லை, இன்று இரண்டாவதும் நிறைவேறிவிட்டது என்றார். ஹிசாஷி பிரித்துப் பார்த்தார். ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறை மேட்டின் வரைபடம். அதில் ஒரு சின்னக் கட்டத்தில் சிவப்பு மையால் ஒகுனோ என்று எழுதியிருந்தது.

கனாயே அவர் காதருகே குனிந்தாள். "வெயில் படுற பக்கமாப் பாத்துக் கேட்டு வாங்கியிருக்கேங்க. உங்களுக்குத்தான் குளிரே ஆகாதே."