கலியமூர்த்திக்கு ஒதுக்கப்பட்ட வேலை

இறந்துபோன ஒருவரை நான் ஐந்து வாரம் வேலை வாங்கியிருக்கிறேன். வாங்கியதோடு நில்லாமல், அவரைப்போல உழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உயிரோடிருந்த இருபத்தொரு பேருக்கு அறிவுரையும் சொல்லியிருக்கிறேன். இத்தனை காலம் இதை எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். (பயமும் கொஞ்சம் உண்டு. மறுப்பதற்கில்லை.)

2005ஆம் ஆண்டுக் கோடை. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து முடித்து, உலகமே என் கைவிரலுக்காகக் காத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். காத்திருந்தது ஒரே ஒருவர். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி போகும் சாலையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருந்த முதலாளி. இளமையில் கோவாவில் ஓட்டல் வேலை பார்த்தவர். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மாட்டுக்குப் போடுகிறோமே என்ற துக்கம் அவருக்கு நெடுநாளாக இருந்திருக்கிறது. முறையாக லைசென்ஸ் வாங்கி, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டி, கொட்டகையின் பின்பாதியில் முந்திரிப்பழ ஒயின் ஆலை தொடங்கிவிட்டார். ஆறு எஃகுத் தொட்டிகள். ஒரு பம்ப். ஒரு கம்ப்யூட்டர். ஒயின் ஆலைகளை நிர்வகிப்பதற்கென்றே வெளிநாட்டில் செய்த மென்பொருள், ஒரு சிடியில்.

"இது தெரியுமா தம்பி?"

"நல்லாத் தெரியும் சார்." (உறையில் இருந்த திராட்சைக்கொத்து நன்றாகவே தெரிந்தது.)

"இந்த சீசன் மட்டும் ஓட்டிக் காட்டு. நிரந்தரம் பண்ணிடறேன்."

நிரந்தரம் எனக்கு மூச்சுக்காற்றைப்போல. கல்லங்குறிச்சியில் ஒரு பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்வியில் நின்றுகொண்டிருந்தார்: "மாப்ள வேலை டெம்பரவரியா, பர்மனென்டா?"

மென்பொருளின் உயிர்நாடி வேலை உத்தரவு. எந்தத் தொட்டி, என்ன வேலை, யார் செய்வது, எதற்குள் முடிப்பது என்று நிரப்பினால் ஒரு சீட்டு அச்சாகும். ஆட்களின் பெயர் எழுதிய பலகையில் ஆளுக்கொரு ஆணி. காலையில் அவரவர் ஆணியில் சீட்டைக் குத்திவைப்பேன். வேலை முடிந்ததும் சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தகரப்பெட்டியில் போடவேண்டும். மாலையில் நான் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் 'முடிந்தது' என்று அழுத்துவேன்.

ஆட்களின் பெயர்களை ஏற்றுவதற்கு முதலாளி பழைய கொட்டகை வருகைப்பதிவேட்டைக் கொடுத்தார். இருபத்திரண்டு பெயர்கள். அதில் கலியமூர்த்தி என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு. செத்தவர் பெயரைப் பேனாவால் அடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, பதிவேடு எழுதியவர் பொட்டு வைத்து விட்டுவிடுவார். இது அந்தக் கொட்டகையில் மாடுகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. பரீட்சை நுழைவுச்சீட்டு முதல் புதுச்சட்டைக் காலர் வரை நல்லதற்கெல்லாம் மஞ்சள் தடவும் வீட்டில் பிறந்தவன் நான். ஆகவே இவர்தான் இங்கே சிறந்த தொழிலாளி என்று முடிவுகட்டி, மென்பொருளில் 'முதன்மைப் பணியாளர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

முக்கியமான வேலைகளை முதன்மைப் பணியாளருக்கு அதுவே ஒதுக்கும். அவர் குறித்த நேரத்தில் முடித்தால் இன்னும் கூடுதலாக ஒதுக்கும். முதல் நாள் எல்லோரையும் கூட்டி நிறுத்திச் சொன்னேன்: "யாருக்கு என்ன வேலைன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அது சொன்னா சொன்னதுதான். யாரும் எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது." பலகையில் கலியமூர்த்தி பெயரைப் பார்த்த ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சீட்டு: இரண்டாம் தொட்டியைக் கழுவுதல். மத்தியானம் போய்ப் பார்த்தேன். தொட்டி பளபளவென்றிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. தகரப்பெட்டியில் சீட்டு கிடந்தது, பழச்சாற்றில் கறுத்த ஒரு கைநாட்டோடு. மறுநாளும் அப்படியே. எந்த நேரத்தில் போனாலும் வேலை முடிந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். அவருக்கென்று கொடுத்த தொட்டியை நெருங்கினால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கண்டிப்பான மனிதர் போலிருக்கிறது என்று எனக்கு மரியாதை கூடிற்று.

ஒருநாள் பம்ப் ஓட்டும் தங்கராசுவிடம் கேட்டேன்.

"கலியமூர்த்தியைக் கண்ணுலயே காணோமே. எப்ப வர்றாரு, எப்ப போறாரு?"

தங்கராசு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது நம்ம கையிலயாங்க இருக்கு?"

"வூடு எங்க?"

"ஓடைக்கு அந்தாண்டங்க."

"அவ்வளவு தூரம் தள்ளியா?"

"கடைசியில எல்லாருக்கும் அங்கதானுங்க சார்."

(புறம்போக்கில் மனைப்பட்டா கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்ததாக ஞாபகம். "அதுக்கு இன்னும் காலம் இருக்குங்க" என்றார் தங்கராசு, ஆறுதலாக.)

இப்படியே ஐந்து வாரம். மறுநாள் முதலாளி வந்து முதல் ஒயினை ருசி பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் மூன்றாம் தொட்டியில் அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் நான்காம் தொட்டிக்கு மாற்றியாகவேண்டும். தவறினால் கசப்பு ஏறி மொத்தமும் வீண். என் நிரந்தரமும் கல்லங்குறிச்சியும் அந்தத் தொட்டிக்குள்தான் மிதந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் வழக்கம்போல வேலையைக் கலியமூர்த்திக்கு ஒதுக்கியது. சீட்டைக் குத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சாயங்காலம் நான்கரைக்குப் பார்க்கிறேன், சீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. கொட்டகைக்குள் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே, சாலையோரம் குந்தியிருந்தார்கள்.

"என்ன இங்க உக்காந்துட்டீங்க?"

"சீட்டு எடுபடாம தொங்குதுங்க" என்றார் தங்கராசு. "அது இருக்குறவரைக்கும் உள்ள வரமாட்டோம். அவரு பேருல வேலை பாக்கி நின்னா, அவருதான் வந்து முடிப்பாரு. அந்த நேரத்துல நாம குறுக்க நிக்கக் கூடாது."

"வரட்டுமே. அதுக்குத்தானே சம்பளம். ஆளனுப்பிக் கூப்பிடுங்க."

தங்கராசு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சார், இன்னிக்கு அவருக்குப் படையலுங்க."

"யாரு செத்தது அவரு வூட்ல?"

"அவருதானுங்க. பாம்பு தீண்டி மூணு வருசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தோம்? கம்ப்யூட்டர் சொன்னா எதிர்க்கேள்வி கேக்கக் கூடாதுன்னீங்களே."

ஐந்து வாரமாக நான் வாங்கி வைத்த கைநாட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஓடிப்போயிருக்கலாம். ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானோ படித்தவன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு (நிச்சயதார்த்தத்துக்கென்று எடுத்த வெள்ளைச் சட்டை, மறுநாளுக்காக அன்றே போட்டுப் பார்த்தது) உள்ளே போனேன்.

வெளியே வெயில் இருந்தது. உள்ளே இல்லை. நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிகள் மூடிக்குழாய் வழியாக 'களக்' என்று ஒரு மூச்சு விட்டன. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தொட்டி விட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அது என்னைப் பார்த்துவிட்டு விடுகிற மூச்சாக இருந்தது. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஆணி காலியாக இருந்தது. சீட்டைக் காணோம்.

பம்ப் ஓட ஆரம்பித்தது.

தரையில் கிடந்த ரப்பர் குழாய் வயிறு புடைத்து, ஒருமுறை புரண்டு, மூன்றாம் தொட்டியிலிருந்து நான்காம் தொட்டிப் பக்கமாக நெளிந்தது. நான் பின்வாங்கினேன். பின்னால் பழச்சக்கை கொட்டும் தொட்டி இருப்பது கம்ப்யூட்டரில் வரைபடமாகவே இருந்தது, நான்தான் வரைந்தேன். இடுப்பு வரை உள்ளே போனேன். அங்கிருந்தபடி நான் கூவியது சாலை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்: "கலியமூர்த்தி சார், மன்னிச்சிருங்க சார். உங்க பேருல உள்ள வேலையெல்லாம் கேன்சல் பண்ணிடறேன் சார்."

நான்காம் தொட்டிக்குப் பின்னாலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு ஒரு உருவம் எட்டிப் பார்த்தது.

"அது மாட்டுக்குப் போடுற சக்கைங்க. ஏந்திரிங்க."

பழம் கழுவும் அஞ்சலை. பலகையைப் பார்த்த முதல் நாள் முந்தானையால் வாயைப் பொத்தியவர். கலியமூர்த்தியின் மனைவி. கங்கைகொண்ட சோழபுரத்தில் கொழுந்தனார் வீட்டில் படையல் போட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் இறங்கிப் பின்வாசல் வழியாக நேரே வேலைக்கு வந்திருக்கிறார். ஐந்து வாரமாகக் கணவர் பேரில் வந்த சீட்டையும் எடுத்து, தன் சீட்டையும் எடுத்து, இரண்டு ஆள் வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்து, இரண்டிலும் கட்டைவிரலை வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே ரேகை என்பதைக் கவனிக்க ஆறு மாதப் படிப்பு போதவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். ஒயின் தேறிவிட்டது. பிறகு, யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்று கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். முதலிடத்தில் இருந்த பெயரின்மேல் விரலை வைத்தார்.

"இவன் சாவுக்கு நான்தானடா மாலை வாங்கிட்டுப் போனேன். அழி."

அழித்தேன். மென்பொருள் மறுத்தது. இவர் பெயரில் முடிந்த பணிகள் இருப்பதால் இவரை நீக்க இயலாது என்று பெட்டி போட்டுச் சொன்னது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே பதில்.

"அப்ப இங்க நிரந்தரம் அவன் ஒருத்தன்தான்" என்றார் முதலாளி. "நீ போயிட்டு வா தம்பி."

போய்விட்டு வந்தேன். முந்திரிப்பழக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. சட்டையில் கறை போகவில்லை, வேலைதான் போயிற்று. கல்லங்குறிச்சிக்காரர் ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு சிமென்ட் கடையில் நான் பர்மனென்ட் ஆனபிறகுதான் பெண்ணைக் கொடுத்தார். இன்றைக்கும் வீட்டில் எந்த வேலையையாவது "நான் பாத்துக்கறேன்" என்று நான் சொன்னால், என் மனைவி மகளிடம் "கலியமூர்த்தி பேருல போடுடி" என்கிறாள். அது நடந்துவிடுகிறது என்பதுதான் விசேஷம். யார் செய்கிறார்கள் என்று நானும் கேட்பதில்லை.

வேலை போன அன்று பஸ்ஸுக்கு நின்றபோது அஞ்சலை அந்தப் பக்கமாக வந்தார். மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் வந்துவிடுவாரோ என்று உங்களுக்கு மட்டும் பயமே இல்லையா என்றும் கேட்டேன்.

"சீட்டு தொங்குனா ஒருத்தரும் உள்ள வரமாட்டேன்னு நின்னாங்க, அதனால எடுத்தேங்க" என்றார். "எனக்கென்ன பயம்? உசுரோட இருந்தப்பவே வேலைன்னா அந்த மனுசன் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டாரு. செத்தப்புறமா வந்து செய்யப்போறாரு?"