டாக்டர் ஓட்டிய கார்டு

ஒரு காட்டில் ஒரு மரநாய் இருந்தது. புத்திசாலி மரநாய், பேராசைக்கார மரநாய் என்றெல்லாம் அதைச் சொல்ல முடியாது. சாதாரண மரநாய். பழம் தின்னும், தூங்கும், மிச்சத்தைக் காயவைத்துச் சேர்க்கும்.

அந்த வருடம் அதன் பொந்தில் இருநூற்று நாற்பது பலாச்சுளை காய்ந்து கிடந்தது. மழைக்காலம் மூன்று மாதம். பெய்ய ஆரம்பித்தால் வெளியே தலைகாட்ட முடியாது. நாளைக்கு இரண்டு மூன்று சுளையைத் தின்று உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். இது மரநாய்க்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தது என்பதுதான் கதை.

ஆற்றோரம் ஒரு பலாமரம் உண்டு. காட்டிலேயே பெரியது. அதன் ஒரு வருடக் காய்ப்பை அந்த முறை பழவேட்டைப் போட்டிக்குப் பரிசாக அறிவித்தார்கள். பழவேட்டை ஒரு கணினி விளையாட்டு. திரையில் பெரிய புல்வெளி. எல்லோரும் புதரில் ஒளிந்துகொண்டு, அழுகின பழத்தால் ஒருவரை ஒருவர் அடிக்க வேண்டும். அடி வாங்கினவர் வெளியே. கடைசியாக நிற்பவருக்கு மரம். சேர்வதற்கு ஒரே நிபந்தனை: சொந்தக் கணினி வேண்டும்.

மரநாய் கணக்குப் போட்டது. இருக்கிற சுளை எல்லாம் கொடுத்தால் ஒரு கணினி. ஜெயித்தால் ஒரு மரம். தோற்றால் மூன்று மாதம் பட்டினி.

"தோக்க மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. கணக்கு அத்தோடு முடிந்தது.

கணினி வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல அந்தக் காட்டில் போனில் ஒரு குழு இருந்தது. நானூறு மிருகங்கள். அட்மின் ஒரு அணில். அணிலிடம் கணினி கிடையாது. நல்ல மாடல் வரட்டும் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தது.

மரநாய் குழுவில் எழுதியது: "240 சுளைக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர். என்னென்ன பார்ட் வாங்கலாம்? சொல்லுங்க."

"240-க்கு ஒண்ணும் வராது ப்ரோ" என்றது அணில். "260 ஆக்குங்க. ப்ராசஸர் ஒரு படி மேல போகலாம்."

"280 ஆக்கினா கேபினெட்ல லைட் எரியும்" என்றது மயில். "லைட் இல்லாத கம்ப்யூட்டர யாருக்குக் காட்டுவீங்க?"

"பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்" என்றது யானை. "எங்க பெரியப்பா மலிவா ஒண்ணு வாங்கிப் போட்டாரு. வெடிச்சுது. இப்ப அவருக்குத் தும்பிக்கை பாதிதான்."

"இப்ப வாங்காதீங்க" என்றது ஆந்தை. "தீபாவளி தாண்டினா விலை இறங்கும்."

"அதுக்குள்ள போட்டியே முடிஞ்சிருமே?" என்று மரநாய் கேட்டது.

"அப்ப அடுத்த போட்டிக்கு வாங்குங்க."

அரை மணி நேரத்தில் 240 சுளைக் கணினி 610 சுளைக் கணினி ஆகிவிட்டது. "610 போடறவங்க கூட ஒரு இருபது போட்டா" என்று எருமை ஆரம்பித்தது.

"என்கிட்ட 240தான் இருக்கு" என்று மரநாய் மறுபடியும் எழுதியது.

யாரோ ஒரு கும்பிடு போட்டார்கள். கடைசியில் அணில்தான் இறங்கி வந்தது.

"அப்ப ஒரே வழி ப்ரோ. மத்த பார்ட் எல்லாம் சுமாரா வாங்குங்க. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட்ல நல்லதாப் புடிங்க. படத்தை வரையறது அதுதான். கார்டுதான் ப்ரோ உயிர்."

அன்று அந்தக் குழுவில் யாராவது உருப்படியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

மதர்போர்டு, ப்ராசஸர், ராம், பவர் சப்ளை, பழைய மானிட்டர் எல்லாம் குரங்கு கடையில் வாங்கியது. குரங்கு 'காம்போ' என்று சொல்லி ஒரு மவுஸ் பேடையும் சேர்த்துக் கட்டியது. வேண்டாம் என்றால் விலை ஏறுகிறது. அதனால் மரநாய் அதையும் தூக்கிக்கொண்டது. நூற்றைம்பது சுளை போயிற்று.

மீதி தொண்ணூறோடு கரடி குகைக்குப் போனது.

கரடிகளிடம் கார்டு வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. கணினிக்குள்ளேயே விளைகிற தேன்காசைத் தோண்டுகிறேன் என்று கார்டை இரவு பகலாக நிறுத்தாமல் ஓட்டுவார்கள். கரும்புச் சக்கை மாதிரி ஆனதும் புதுசு மாதிரி இருக்கு என்று யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள்.

கரடி கார்டை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தது.

"அண்ணே, இது தேன்காசு தோண்டின கார்டா?"

கரடி நெஞ்சில் கை வைத்தது. "தம்பி, என் மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது? சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டின கார்டு."

"எந்த டாக்டர்?"

"நம்ம கொக்கு டாக்டர்தான். ஆஸ்பத்திரி முடிஞ்சு வந்து அரை மணி நேரம் ஓட்டுவாரு. தொடச்சு மூடி வச்சிருவாரு. டாக்டர்ல்ல, கை சுத்தம்."

கார்டின் விசிறியில் தேன் ஒட்டியிருந்தது.

"இது என்னண்ணே?"

"மருந்து."

மரநாய்க்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் என்றதும் மனசு கரைந்துவிட்டது. சுளையாகத் தொண்ணூறையும் எண்ணி வைத்துவிட்டு, கார்டை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு ஓடியது.

எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் மாட்டியது. ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. கடைசியாக மானிட்டர் வயர். கணினியின் முதுகில் அதற்கு ஒரே மாதிரி இரண்டு ஓட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று. மரநாய் மரத்தில் பிறந்து மரத்தில் வளர்ந்தது. அதற்குத் தெரிந்து உலகத்தில் மேலே இருப்பதெல்லாம் நல்லது, கீழே இருப்பதெல்லாம் நாய். மேல் ஓட்டையில் சொருகியது.

மேல் ஓட்டை மதர்போர்டுக்குச் சொந்தம். கீழ் ஓட்டைதான் கார்டுக்கு. மேலே சொருகினால் மதர்போர்டும் ப்ராசஸரும் தங்களுக்குத் தெரிந்த அளவில் படத்தை வரைந்து தள்ளும். கார்டு வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். இது நமக்குத் தெரிகிறது. மரநாய்க்குத் தெரியவில்லை.

பழவேட்டையைத் திறந்தது. படம் நின்று நின்று வந்தது. எதிரி ஒரு புதரில் இருப்பான். அடுத்துப் பார்த்தால் வேறு புதரில் இருப்பான். நடுவில் எப்படிப் போனான் என்று தகவல் இல்லை.

குழுவில் கேட்டது.

"பாட்டில்நெக் ப்ரோ" என்றது அணில்.

"லைட் வாங்கலைல்ல, அதான்" என்றது மயில்.

"பவர் சப்ளை" என்றது யானை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது ஆந்தை.

வயரை எந்த ஓட்டையில் சொருகினாய் என்று நானூறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

புதிதாக வாங்க ஒரு சுளைகூட இல்லை. போட்டிக்கு இன்னும் நாற்பது நாள். மரநாய் இருப்பதை வைத்து விளையாட ஆரம்பித்தது. முதல் பத்து நாள் அடி. அடி என்றால் மூஞ்சி முழுக்க அழுகின பழம். அப்புறம் ஒரு விஷயம் பிடிபட்டது. எதிரி தெரிகிற இடத்தில் அடித்து லாபமில்லை. படம் அங்கே நிற்கும்போதே அவன் போயிருப்பான். அவன் அடுத்து எங்கே போவான் என்று யோசித்து அங்கே எறிய வேண்டும். காதைத் தீட்டிக் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு புதரையும் மனப்பாடம் செய்தது.

முப்பத்தைந்தாவது நாள் போன வருடம் ஜெயித்த காட்டுப்பன்றியை வரிசையாக நான்கு ஆட்டம் அடித்தது.

"டேய், நீ ஏதோ திருட்டுத்தனம் பண்ற" என்று பன்றி எழுதியது. "நான் எங்க இருக்கேன்னு உனக்கு எப்படிடா தெரியுது?"

"சத்தியமா நீங்க தெரியவே இல்லண்ணே. குத்துமதிப்பா அடிச்சேன்."

அன்றைக்கு மரநாய் ஆற்றோரம் போய்ப் பலாமரத்தை ஒருமுறை சுற்றி வந்தது. எந்தக் கிளையில் படுக்கலாம் என்றுகூடப் பார்த்து வைத்தது.

போட்டி நாள். அவரவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆட்டத்துக்கு முன் பரிசோதனை உண்டு. பரிசோதகர் கொக்கு டாக்டர். அந்தக் காட்டில் காதுகுத்து முதல் கட்டடத் திறப்பு வரை கொக்கு டாக்டர்தான் தலைமை. காரணம் ஒன்றும் இல்லை. டாக்டர், அவ்வளவுதான். அவர் கையில் படம் போட்ட ஒரு விதிமுறைத் தாள் கொடுத்திருந்தார்கள்.

மரநாய் பணிவாகச் சொன்னது. "டாக்டர், இது நீங்க ஓட்டின கார்டுதான்."

"நானா? எனக்குப் போன்ல குட்மார்னிங் அனுப்பவே தெரியாதுப்பா. நர்ஸ்தான் அனுப்பும்."

மரநாய் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தது. நான்காவது வரிசையில் கரடி சுண்டல் தின்றுகொண்டிருந்தது. மரநாயைப் பார்த்ததும் கை ஆட்டியது.

கொக்கு கணினியின் பின்னால் குனிந்தது. தாளைப் பார்த்தது. வயரைப் பார்த்தது. "என்னப்பா, வயர் மேல இருக்கு? படத்துல கீழ இருக்கே."

"மேலேயே இருக்கட்டும் டாக்டர். நாப்பது நாளா அப்படித்தான் இருக்கு."

"நாப்பது நாளாவா? முன்னாடியே வந்திருக்க வேண்டாமா?"

"டாக்டர், வேண்டாம் டாக்டர். பழகிருச்சு."

"வலிக்காது" என்றது கொக்கு. நீள அலகால் வயரை மேலேயிருந்து உருவிக் கீழே சொருகியது. "இதுல ஒரு கையெழுத்துப் போடு."

ஆட்டம் தொடங்கியது.

படம் தண்ணீர் மாதிரி ஓடியது. மரநாய் வாயைப் பிளந்தது. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. ஒரு பட்டாம்பூச்சி பறந்து போனது. போகிற வழியெல்லாம் தெரிந்தது. அந்தக் கார்டு சக்கை இல்லை. கரடி சொன்னது பாதிதான் பொய்.

பன்றி புதரிலிருந்து கிளம்பியது. மரநாய் பழக்கதோஷத்தில் அடுத்த புதரைப் பார்த்து எறிந்தது. பழம் முன்னாடியே போய் விழுந்து காத்திருந்தது. பன்றி இன்னும் வரவில்லை. பாதி வழியில் நின்று, பழத்தைப் பார்த்து, அது வந்த திசையைப் பார்த்துத் திரும்பியது. பன்றிக்கு வால் ஆடும் என்பதை மரநாய் அன்றைக்குத்தான் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு அழுகின கொய்யா மெதுவாகச் சுழன்றுகொண்டு அதை நோக்கி வந்தது. அதில் மொய்த்த ஈக்களை எண்ண முடிந்தது. ஏழு.

மொத்தம் நாற்பது விநாடி. முதலில் வெளியே போனது மரநாய்தான். மரம் பன்றிக்குப் போனது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கொக்கு அக்கறையாக விசாரித்தது.

"தெளிவா இருக்கு டாக்டர்."

"பாத்தியா?"

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பொந்தில் ஒரு சுளைகூட இல்லை. மரநாய் கார்டைக் கழற்றித் துடைத்து, குழுவில் விற்பனைக்குப் போட்டது. உள்ளதை உள்ளபடி எழுதியது: "நான் வாங்கினதிலிருந்து இந்தக் கார்டு ஓடினது நாற்பது விநாடிதான். 90 சுளை."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க ப்ரோ" என்றது அணில்.

"நாப்பது விநாடிக்கு மேல ஓடாதா?" என்றது யானை.

ஒரு முள்ளம்பன்றி மட்டும் குடை பிடித்துக்கொண்டு நேரில் வந்தது. கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

"ஏண்ணே நாப்பது விநாடிதான் ஓடுச்சு?"

"வயர மேல் ஓட்டையில சொருகி நாப்பது நாள் விளையாடிட்டேன். கார்டு சும்மாவே இருந்துச்சு. எனக்கே தெரியாது."

"கதை விடாதீங்கண்ணே. எவனாச்சும் நாப்பது நாள் வயர தப்பா சொருகிட்டு உக்காந்திருப்பானா? இருபது சுளை தரேன்."

"சத்தியமா."

"சத்தியம் வேற பண்றீங்க. அப்ப நிச்சயம் தேன்காசு தோண்டினதுதான்." முள்ளம்பன்றி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டது.

நான்கு நாள் விடாத மழை. மரநாய் பட்டையைச் சுரண்டித் தின்றது. ஐந்தாம் நாள் மவுஸ் பேடைக் கடித்துப் பார்த்தது. ரப்பர். துப்பிவிட்டுப் படுத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் முள்ளம்பன்றி திரும்ப வந்தது. வேறு எங்கும் கார்டு கிடைக்கவில்லை போலும்.

"கடைசியாக் கேக்கறேன்ணே. உண்மையச் சொல்லுங்க. இத யாரு ஓட்டினது?"

மரநாய் படுத்தபடியே யோசித்தது. அந்தக் கார்டு ஓடியது ஒரே ஒரு நாள். அன்றைக்கு அதை ஓட வைத்தது யார்?

"டாக்டர்" என்றது.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் படிந்தன. "எந்த டாக்டர்?"

"கொக்கு டாக்டர். என்கிட்ட வந்து இத்தனை நாள்ல, அவர் தொட்டதுக்கப்புறம்தான் இது ஓடவே ஆரம்பிச்சுது. வேணும்னா அவரையே கேளு."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அவர போய் யாராச்சும் கேப்பாங்களா?" முள்ளம்பன்றி பையை அவிழ்த்தது. நூற்றிருபது சுளையை எண்ணி வைத்தது. "90-ன்னு போட்டிருந்தீங்களா, அதான் சந்தேகமாவே இருந்துச்சு."

மரநாய் முதல் சுளையை வாயில் போட்டது. வயிற்றில் விழுந்ததும் அதற்கு முள்ளம்பன்றி மேல் கொஞ்சம் பாசம் வந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கும். வேடிக்கை பாக்கணும்னா கீழ சொருகு. ஜெயிக்கணும்னா மேல சொருகு."

"டாக்டர் எதுல சொருகினாரு?"

"கீழ."

"அப்ப கீழதான்" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி கார்டை மடியில் கட்டிக்கொண்டு மழையில் இறங்கியது.

மரநாய் வயரை மேல் ஓட்டையில் சொருகிக் கணினியைப் போட்டுப் பார்த்தது. கார்டு இருந்தபோது எப்படி நின்று நின்று ஓடியதோ, அப்படியே ஓடியது. இன்னொரு சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத காட்டுப்பன்றியைக் குத்துமதிப்பாக அடிக்க ஆரம்பித்தது.

நீதி: உண்மையைத் தனியாக அனுப்பினால் நனைந்துகொண்டு திரும்பி வரும், துணைக்கு ஒரு டாக்டரை அனுப்பு.